பரிவு இல்லாத பரிந்துரை



ஆசிரியர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் அண்மையில் கேட்ட கருத்தை மறுத்து எழுத வேண்டியுள்ளது. உரையாற்ற வந்தவர் மிகுந்த நம்பிக்கையோடு இவ்வாறு கூறினார்: "அல்காரிதத்தைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. அது வெறும் கண்ணாடி. நல்லதைத் தேடும் பிள்ளைக்கு நல்லதைக் காட்டும். தீயதைத் தேடும் பிள்ளைக்குத் தீயதைக் காட்டும். முகம் கோணலாக இருந்தால் கண்ணாடி என்ன செய்யும்?" அரங்கம் கைதட்டியது. கேள்வி கேட்பதற்கென ஒதுக்கிய நேரத்தைத் தேநீர் விழுங்கிவிட்டது. அதன் பின்னர்ப் பெற்றோர் இருவர் இதே கண்ணாடிக் கதையை என்னிடம் ஒப்புவித்துவிட்டனர். பிழையான ஒரு கருத்து பழமொழியாக முற்றிவிடுவதற்குள் அதனைக் கிள்ளிவிட வேண்டும் என்பதால் இதனை எழுதுகிறேன்.

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். தமிழாசிரியனுக்கு வேறு எங்கிருந்து தொடங்கத் தெரியும்?

அல்காரிதம் என்பதனைப் படிமுறை என்கிறோம். ஒரு வேலையைச் செய்து முடிப்பதற்காகக் கணினிக்குப் படிப்படியாக இடப்படும் கட்டளைகளின் கோவை அது. பெரிய எண்களை வகுக்கும் முறையைக் கணிதப் பாடத்தில் கற்றுத் தருகிறோமே, அதுவும் ஒரு படிமுறைதான். இதில் அஞ்சுவதற்கு ஏதுமில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யூடியூப், முகநூல், டிக்டாக் ஆகிய தளங்களில் 'அடுத்து எதைக் காட்டுவது' என்று முடிவு செய்யும் படிமுறைக்கு நாம் 'பரிந்துரை' என்று பெயர் சூட்டியிருக்கிறோம். என் வழக்கு அந்தப் பெயரோடுதான்.

பரிந்து உரைப்பது பரிந்துரை. பரிதல் என்றால் ஒருவர்பால் நெஞ்சு நெகிழ்தல். ஒரு மாணவனுக்கு உதவிநிதி கிடைப்பதற்காகத் தலைமையாசிரியர் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறார் என்றால், அந்தப் பிள்ளையின் முகம் அவருக்குத் தெரியும். அவன் வீட்டு அடுப்பு எரிகிறதா இல்லையா என்பதும் தெரியும். எழுதியது பொய்யாகிவிட்டால் கெடுவது அவருடைய பெயர். ஆளைத் தெரியாமல், பொருளைத் தெரியாமல், விளைவுக்குப் பதில் சொல்லும் கடமையும் இல்லாமல் ஒருவர் நீட்டும் எதையும் பரிந்துரை என்று தமிழில் சொல்ல இயலாது. அதற்கு வேறு பெயர் உண்டு. சந்தையில் கையைப் பிடித்து இழுக்கிறார்களே, அது.

இப்பொறி எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பெற்றோர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். கணினித் துறையினர் பொறுத்தருள்க.

ஒரு வகுப்பு நூலகத்தை எண்ணிக்கொள்ளுங்கள். முப்பது மாணவர், நூறு நூல்கள். யார் எந்த நூலை எடுத்தார் என்பதற்கு ஒரு பதிவேடு. முகிலன் என்ற மாணவன் விண்வெளியைப் பற்றிய நூலை எடுக்கிறான். அதே நூலை முன்னரே எடுத்த ஐவரில் நால்வர் பேய்க்கதை நூலையும் எடுத்திருக்கின்றனர். ஆகவே முகிலனிடம் பேய்க்கதையை நீட்டு! அடிப்படை இவ்வளவுதான். நூலகர் விண்வெளி நூலைப் படித்திருக்க வேண்டியதில்லை. பேய்க்கதையையும் படித்திருக்க வேண்டியதில்லை. அவருக்குத் தமிழே தெரிந்திருக்க வேண்டியதில்லை. பதிவேட்டில் உள்ள எண்கள் போதும். இக்காலப் பொறிகள் நூலின் தலைப்பையும் உள்ளடக்கத்தையும் ஓரளவு அலசுகின்றன என்பது உண்மையே; எனினும் முதன்மையான எரிபொருள் இந்தப் பதிவேடுதான்.

இதில் கண்ணாடி எங்கே இருக்கிறது? முகிலன் முன் நீட்டப்பட்டது அவனுடைய முகம் அன்று. வேறு நால்வரின் முகம்.

இம்முறைக்குக் 'கூட்டு வடிகட்டல்' என்று பெயர். அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில், வந்து குவியும் மின்னஞ்சல்களைச் சமாளிக்க உருவாக்கிய 'டேப்பெஸ்ட்ரி' என்ற அமைப்பைப் பற்றி 1992இல் வெளிவந்த கட்டுரையில் இச்சொல் பிறந்தது. 1994இல் 'குரூப்லென்ஸ்' வந்தது. யூஸ்நெட் செய்திக்குழுக்களில் ஒரு கட்டுரையைப் படித்தவர் அதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவார். தம்மைப் போலவே மதிப்பெண் இடுகின்றவர்களின் கருத்து அவருக்கு வழிகாட்டும். இவ்விரண்டையும் நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே மனிதன் படித்தான், எண்ணிப் பார்த்தான், பிறகு மதிப்பெண் இட்டான். பொறி கேட்டது; அவன் சொன்னான். நெட்ஃபிலிக்ஸ் நிறுவனம் தன் கணிப்பின் துல்லியத்தை 10 விழுக்காடு உயர்த்துவோர்க்கு ஒரு மில்லியன் அமெரிக்க டாலர் பரிசு என்று 2006இல் அறிவித்து 2009இல் வழங்கியதே, அப்போட்டியில்கூட மக்கள் தாமே இட்ட விண்மீன் மதிப்பெண்களைத்தான் கணித்தார்கள்.

கேட்பதை நிறுத்திவிட்டு வேவு பார்க்கத் தொடங்கியபோதுதான் சீர்கேடு புகுந்தது. 2012இல் யூடியூப் தன் அளவுகோலை மாற்றியது. எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதைவிட, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதே முதன்மை ஆயிற்று. பொய்த் தலைப்பு இட்டுச் சொடுக்க வைக்கும் காணொளிகளை ஒழிப்பதற்காக என்று காரணம் கூறப்பட்டது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2016இல் கூகுள் பொறியாளர்கள் மூவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அந்தப் பொறியின் வயிற்றைத் திறந்தே காட்டுகிறது. மில்லியன் கணக்கான காணொளிகளிலிருந்து ஒருவருக்கெனச் சில நூறு காணொளிகள் முதலில் பொறுக்கப்படுகின்றன. பின்னர், அவர் எவ்வளவு நேரம் பார்ப்பார் என்ற எதிர்பார்ப்பின்படி அவை வரிசைப்படுத்தப்படுகின்றன. நல்லது, கெட்டது, மெய், பொய், வயதுக்கு ஏற்றது, ஏற்காதது என்ற எதுவும் அந்த வரிசைக்கு அடிப்படை அன்று. நேரம்!

இதை வகுப்பறைக்குக் கொண்டுவந்து பாருங்கள். மாணவர் நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை வைத்து ஆசிரியரின் திறமையை அளந்தால் எப்படியிருக்கும்? கதவைப் பூட்டிவிட்டு நான் நல்லாசிரியர் விருது வாங்கிவிடுவேன்.

பின்னாளில் பார்ப்பவரிடம் மனநிறைவுக் கேள்விகள் கேட்டு அவற்றையும் கணக்கில் சேர்ப்பதாக அந்நிறுவனம் கூறுகிறது. சேர்க்கட்டும். ஏழு வயதுப் பிள்ளையிடம் 'மிட்டாய் உனக்கு மனநிறைவு தந்ததா?' என்று கேட்டு எழுதிக்கொண்டால் மிட்டாய் உணவாகிவிடாது.

'தேடும் பிள்ளை' என்றாரே பயிலரங்கில் பேசியவர், அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது? யூடியூபில் மக்கள் செலவிடும் நேரத்தில் 70 விழுக்காட்டுக்கும் மேல் பரிந்துரைகளின் வழியே வருகிறது என்று 2018 ஜனவரியில் கூறியவர், அப்போது அந்நிறுவனத்தின் தயாரிப்புத் தலைவராக இருந்த நீல் மோகன். அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகவே சொன்னார். பத்தில் ஏழு பங்கு நேரம் பொறி நீட்டியதைப் பார்ப்பதில் கழிகிறது என்றால் அங்கே தேடல் நடக்கவில்லை, ஊட்டல் நடக்கிறது. ஊட்டப்படுகிற குழந்தையைப் பார்த்து 'நீ தேடியதுதானே உனக்குக் கிடைத்தது' என்று சொல்வது அறம் ஆகுமா?

இனி நம் கதைக்கு வருகிறேன்.

மேலே சொன்ன வகுப்பு நூலகத்தை, பல்லாயிரம் மாணவர் படிக்கும் வேறொரு பள்ளியின் நூலகத்தோடு இணைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பதிவேடு ஒன்றே. நம் பக்கம் முப்பது பேர். முகிலனுக்கு அடுத்த நூலை இனி யார் தேர்ந்தெடுப்பார்கள்? அவனுடைய வகுப்புத் தோழர்கள் அல்லர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 72 மில்லியன். மலேசியாவில் இந்தியர் அனைவரையும் சேர்த்தாலும் ஏறத்தாழ 2 மில்லியன்தான். 'தமிழ்க் காணொளி' என்ற கடையில் சரக்கும் கூட்டமும் எங்கிருந்து மிகுதியாக வருகின்றன என்பதற்குக் கணக்குப் போட வேண்டியதில்லை. பார்ப்பவரின் நாட்டையும் பொறி கருத்தில் கொள்ளும் என்பார்கள். கொள்ளும், ஆனால் இருக்கின்ற சரக்கிலிருந்துதானே எடுத்துத் தரும்?

விளைவை நான் ஆண்டு நான்கு கட்டுரை ஏடுகளில் பார்க்கிறேன். 'நான் சென்ற சுற்றுலா' என்று தலைப்புக் கொடுத்தால், பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் ஏறிச் சென்றதாக ஒரு பிள்ளை எழுதுகிறது. நம் ஊரில் ஆட்டோ ஏது? இன்னொரு பிள்ளை கடையில் பொம்மை வாங்கி இருநூறு ரூபாய் கொடுக்கிறது. வீட்டில் நாள்தோறும் ரிங்கிட்டைக் கண்ணால் காணும் பிள்ளை! கதை சொல்லும் போட்டிக்குப் பயிற்சி கொடுத்தபோது, கதையை அழகாக முடித்துவிட்டுக் கைகூப்பிய சிறுமி, 'மறக்காம லைக் பண்ணுங்க, சப்ஸ்கிரைப் பண்ணுங்க' என்றாள். எல்லாரும் சிரித்தோம். ஆனால் கதை அங்கேதான் முடியும் என்று அவள் உண்மையாகவே நம்பியிருந்தாள்.

இதைப் படித்துவிட்டுத் தமிழகத்தின் மீது எனக்குக் காழ்ப்பு என்று யாரும் கிளம்ப வேண்டா. தமிழகத் திரைப்படமும் தமிழக வார இதழும் இல்லாமல் வளர்ந்த தலைமுறை அன்று என்னுடையது. அவற்றால் நாங்கள் கெட்டுப் போகவுமில்லை. வேறுபாடு எங்கே என்றால், அன்று இடையில் ஓர் ஆள் இருந்தார். வானொலி ஆறில் எந்தப் பாட்டை ஒலிபரப்புவது என்று முடிவு செய்ய அலுவலர் ஒருவர் இருந்தார். பிடிக்காவிட்டால் கடிதம் எழுதிச் சண்டை போடலாம். சிலர் போட்டார்கள். பேரங்காடி ஓரத்து இதழ்க் கடைக்காரர், 'தம்பி, இது உனக்கு வேண்டா' என்று சில இதழ்களை மேல்தட்டுக்கு ஏற்றிவிடுவார். நூலகப் பொறுப்பாசிரியர் அலமாரியைத் திறக்கும்போதே எதைக் கையில் கொடுப்பது என்று முடிவு செய்திருப்பார். அவர்களிடமும் குறை இருந்தது. தங்களுக்குப் பிடிக்காத நல்ல நூல்களை ஒளித்து வைத்தவர்களும் உண்டு. ஆனால் அவர்களுக்கு முகம் இருந்தது. மறுநாளும் அதே தெருவில் நம்மைப் பார்த்தாக வேண்டிய கட்டாயம் இருந்தது. பரிவு என்பது பெரும்பாலும் அந்தக் கட்டாயத்திலிருந்து பிறப்பது என்றே நினைக்கிறேன்.

நம் ஆசிரியர்கள் காணொளி செய்யவில்லையா என்று கேட்பார்கள். செய்தார்கள். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்ட பிறகு எத்தனை ஆசிரியைகள் தம் பிள்ளைகளை உறங்க வைத்துவிட்டு, அடுக்களைச் சுவரில் வெண்பலகையைச் சாய்த்து, குரலைத் தாழ்த்திப் பாடம் பதிவு செய்தார்கள்! செய்யுளும் மொழியணியும், அறிவியல் சோதனை, பின்னக் கணக்கு என்று எல்லாம் இருந்தன. அவற்றில் சிலவற்றை இன்றும் என் வகுப்பில் பயன்படுத்துகிறேன். எளிமையும் தெளிவும் ஒருங்கே அமைந்தவை. ஆனால் பார்த்தவர் சில நூறு பேரே. ஏன்? பலர் பார்த்ததைத்தான் பொறி பலருக்கும் காட்டும். பார்த்தவர் குறைவு என்பதால் பதிவேட்டில் தடம் இல்லை; தடம் இல்லாததால் காட்டுவதில்லை; காட்டாததால் பார்ப்பவர் இல்லை. கணினித் துறையிலும் இது நன்கு அறியப்பட்ட சிக்கல்; 'குளிர்த் தொடக்கம்' என்கிறார்கள். புதிதாக வந்தவர்க்கு அது தொடக்கத்தில் மட்டும் குளிர். சிறிய மொழிக்குழுவுக்கோ நெடுங்குளிர்.

சரி, பிள்ளைகளை விடுங்கள். பெரியவர்களுக்கு இந்தக் கண்ணாடி என்ன செய்கிறது?

முகநூல் நிறுவனம் தனக்குள்ளேயே 2016இல் ஓர் ஆய்வு செய்தது. தீவிரவாதப் போக்குடைய குழுக்களில் சேர்ந்தவர்களில் 64 விழுக்காட்டினர் முகநூலின் பரிந்துரைக் கருவிகளால்தான் சேர்ந்தனர் என்பது அதன் முடிவு. வெளியே தெரியாமல் கிடந்த இச்செய்தியை அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2020 மே மாதம் வெளியிட்டது. 'இந்தக் குழுவில் நீங்களும் சேரலாமே' என்று பணிவோடு ஒரு பெட்டி தோன்றுகிறதல்லவா, அதைத்தான் சொல்கிறேன். அவர்கள் அக்குழுக்களைத் தேடிப் போகவில்லை. கைப்பிடித்து அழைத்துப் போகப்பட்டார்கள். சினக் குறியிட்டால் விருப்பக் குறியைப் போல் ஐந்து மடங்கு எடை என்று 2017 முதல் அந்தப் படிமுறை கணக்கிட்டது என்பதும் 2021இல் வெளிவந்தது. 2020இல்தான் சினத்துக்கான எடையைச் சுழியாக்கினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் எரிச்சலூட்டுவதே முன்னே வந்தது. வீட்டில் ஒருவர் கோபப்படும்போதெல்லாம் அவருக்கு ஐந்து கரண்டி கூடுதலாகப் பரிமாறினால் அந்த வீடு என்னவாகும்?

மியன்மாரில் என்ன ஆயிற்று என்பதை நாம் தொலைவிலிருந்து படித்தவர்கள் அல்லர். 2017இல் நிகழ்ந்த வன்முறையில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரொஹிங்கியா மக்கள் வங்காளதேசத்துக்கு ஓடினார்கள். அவ்வினத்தவர் பலர் நம் நாட்டிலும் அடைக்கலம் தேடி வாழ்கின்றனர். பிரிவினையைத் தூண்டவும் வன்முறையைக் கிளறவும் தன் தளம் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கப் போதிய அளவு செய்யவில்லை என்று முகநூல் நிறுவனம் 2018 நவம்பரில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டால் போயிற்றா? நம் வீட்டிலும் தீப்பொறி விழாமல் இல்லை. 2022 நவம்பரில் 15ஆவது பொதுத்தேர்தல் முடிந்த கையோடு, 1969 மே 13 கலவரத்தை நினைவூட்டி மிரட்டும் காணொளிகள் டிக்டாக்கில் பரவின. காவல்துறை எச்சரிக்க நேர்ந்தது. டிக்டாக் நிறுவனமும் விழிப்புநிலையை உயர்த்தியதாகக் கூறி அத்தகைய காணொளிகளை நீக்கியது. அந்த வாரத்தில் என் மாணவன் ஒருவன், 'சார், நம்மள அடிக்க வருவாங்களா?' என்று கேட்டான். பத்து வயது. கலவரம் நடந்த ஆண்டு எது என்று அவனுக்குத் தெரியாது. இதைத் தேடிப் பார்க்கும் பிள்ளை அல்லன் அவன்.

விளைவுக்குப் பதில் சொல்லும் கடமையைப் பற்றி மேலே குறிப்பிட்டேன். தாமாக முன்வந்து பதில் சொன்ன நிறுவனத்தை நான் அறியேன். இழுத்துக் கொண்டுவந்து நிறுத்தினால் சொல்வார்கள். 2017இல், குழந்தைகளுக்குப் பழக்கமான கேலிச்சித்திரப் பாத்திரங்களை வைத்து வன்முறையும் அருவருப்பும் நிறைந்த காணொளிகள் செய்து பரப்பியவர்களின் கதை செய்தித்தாள்களில் வந்து நாறிய பின்னரே அவை பெருமளவில் நீக்கப்பட்டன. பெற்றோரின் இசைவின்றிக் குழந்தைகளின் தரவுகளைத் திரட்டியதற்காக 2019 செப்டம்பரில் கூகுளும் யூடியூபும் அமெரிக்காவில் 170 மில்லியன் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய எண்ணிமச் சேவைகள் சட்டம், பயனரை வேவு பார்க்காத ஒரு பரிந்துரை முறையையும் விருப்பத் தேர்வாகத் தர வேண்டும் என்று மிகப் பெரிய தளங்களைக் கட்டாயப்படுத்துகிறது. வெறும் கண்ணாடிக்கு எதற்கு ஐயா இத்தனை சட்டம்?

நம் நாட்டிலும் அசைவு உண்டு. 8 மில்லியனும் அதற்கு மேலும் பயனர்களைக் கொண்ட சமூக ஊடகத் தளங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கப் போவதாக 2025 நவம்பரில் அரசு அறிவித்தது; ஆஸ்திரேலியா அதனை 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. வரவேற்கிறேன். ஆனால் வயதுத் தடையால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று கைகட்டி உட்காரும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். தொடக்கப்பள்ளிப் பிள்ளை பார்ப்பது தன் கணக்கில் அன்று; அம்மாவின் கைப்பேசியில். காலையில் தாத்தா அதில் கோவில் திருவிழா பார்க்கிறார். மாலையில் அம்மா நெடுந்தொடரின் விட்டுப்போன பகுதியைப் பார்க்கிறார். இரவில் அப்பா அரசியல் வசைமாரி கேட்கிறார். பொறிக்கு இவர்கள் அனைவரும் ஒரே ஆள். அந்த ஒரே ஆளுக்கென்று வரிசைப்படுத்திய பட்டியலைத்தான் சோறு ஊட்டும் நேரத்தில் பிள்ளையின் கையில் கொடுக்கிறோம். பிள்ளையை அறிந்து தருகிறது என்று இதற்கு மேலும் சொல்ல முடியுமா?

'யூடியூப் பார்த்துத்தான் என் பிள்ளை தமிழ் பேசவே கற்றது' என்று சில பெற்றோர் கூறுவார்கள். உண்மை, வீட்டில் ஆங்கிலமும் மலாயும் மட்டுமே புழங்கும் குடும்பங்களில் அது நிகழ்வதை நானே கண்டிருக்கிறேன். காணொளியை நான் எதிர்க்கவில்லை. நல்ல காணொளி நல்ல நூலுக்கு நிகர். அதை யார் எடுத்துக் கொடுப்பது என்பதே என் வழக்கு.

ஆசிரியப் பெருமக்களே, முதற்குற்றம் நம் பக்கமே இருக்கிறது. நாள் பாடத்திட்டத்தில் 'மாணவர் இணையத்தில் தேடுதல்' என்று ஒரு வரி எழுதிவிட்டு, 'வீட்டுக்குப் போய் யூடியூபில் பார்த்து வா' என்று அனுப்புகிறோமே, அதற்குப் பெயர் இடுபணியா? பிள்ளையைச் சந்தை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்புவது அது. முழுமையாகப் பார்த்த ஒரு காணொளியின் முகவரியை மட்டும் கொடுக்க நமக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பத்து மணித்துளி. அதுவும் முடியாதவர் காணொளி பார்த்துவரச் சொல்ல வேண்டா, பாடநூல் இருக்கிறது.

பெற்றோர்களே, சில வசதிகள் அந்தத் தளங்களிலேயே இருக்கின்றன. கண்ணில் படாத மூலையில் வைத்திருக்கிறார்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதை நிறுத்தலாம். பார்த்தவற்றின் பதிவை அழித்து, இனிமேல் பதியாதவாறும் செய்யலாம். 2023 ஆகஸ்டு முதல், அப்படிச் செய்தவரின் யூடியூப் முகப்புப் பக்கம் ஏறத்தாழ வெறுமையாகவே திறக்கிறது. ஒருமுறை செய்து பாருங்கள். எவ்வளவு அமைதியான பக்கம்! சிறுவர்க்கான யூடியூப் கிட்ஸ் செயலியில், பெற்றோர் தாமே பொறுக்கிய காணொளிகளை மட்டும் காட்டும் ஏற்பாடு 2018 முதல் உள்ளது. என் வகுப்புப் பெற்றோரில் இதை அறிந்திருந்தவர் ஒருவரே. விளையாட்டுப் போட்டிச் சட்டையின் நிறம் பற்றி ஒரு மணி நேரம் வாதிடும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைச் செய்து காட்ட இருபது மணித்துளி கேட்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் பள்ளியில் தமிழாசிரியர் நால்வர் சேர்ந்து ஒரு பட்டியல் தொகுத்து வருகிறோம். நிபந்தனை ஒன்றுதான்: நால்வரில் ஒருவராவது தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்திருக்க வேண்டும், பார்த்தவரின் பெயரைப் பக்கத்தில் எழுத வேண்டும். பிள்ளையின் வீட்டிலிருந்து முறையீடு வந்தால் அவர் பதில் சொல்வார். இதுவரை 41 காணொளிகள் சேர்ந்துள்ளன. பாதிக்கு மேல் நம் நாட்டு ஆசிரியர்கள் செய்தவை. வாரந்தோறும் வகுப்பின் புலனக் குழுவுக்கு இரண்டு மட்டும் அனுப்புகிறோம். ஆண்டு இரண்டுக்கான செய்யுள் பகுதியிலும் அறிவியலில் காந்தம் பற்றிய பகுதியிலும் இன்னும் எதுவும் அமையவில்லை. நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் நீங்கள் செய்து வைத்தவை கணினியில் உறங்கிக்கொண்டிருந்தால் அனுப்பி உதவுங்கள். படப்பிடிப்பு எப்படி இருந்தாலும் குற்றமில்லை, குரல் தெளிவாகக் கேட்டால் போதும்.